இடப்பக்கம் இழுத்த கார்

என் வீட்டுக்காரர் மெக்கானிக் இல்லை. ஸ்பேனரைக் கையால் தொட்டதே கிடையாது. கார் ஒர்க்‌ஷாப்பின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, உள்ளே மெக்கானிக்குகள் செய்துவைக்கும் கோளாறுகளை, வெளியே கோபத்தோடு வந்து நிற்பவர்களிடம் பூசி மெழுகுவதுதான் அவருடைய உத்தியோகம். வாய்க்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் என்று நான் கேலி செய்வேன்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் தயாராகப் பதில் இருக்கும். சத்தம் வருகிறது என்றால், "புதுசு மாட்டியிருக்கு சார், கொஞ்சம் ஓடினா சரியாயிடும்." கதவில் கீறல் என்றால், "இது முன்னாடியே இருந்ததுங்க." பெண்கள் வந்து பிரேக் சரியில்லை என்றால் அதற்குத் தனிப் பதில்: "வண்டில ஒண்ணுமில்ல மேடம். நீங்க மிதிக்கிற விதம் அப்படி." வீட்டில் மிக்ஸி புகைந்தாலும் இதே கதைதான், நான் போடுகிற விதம் அப்படி. கெட்டவர் இல்லை. யாரும் முறைத்துக்கொண்டு போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

இவருக்கு ஒரே தங்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு, பிடிவாதமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய கார் ஒன்றும் வாங்கினாள். அவள் கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அந்தக் கார் வந்த பிறகு அவள் நடையே மாறியிருந்தது.

அண்ணன் இருக்கும் இடமாயிற்றே என்று அவர் ஒர்க்‌ஷாப்பிலேயே சர்வீஸுக்கு விட்டாள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேட்களை மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே போன் வந்தது.

"அண்ணா, பிரேக் பிடிச்சா வண்டி இடது பக்கமா இழுக்குது."

இவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். துண்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வண்டில ஒண்ணுமில்லம்மா. நீ மிதிக்கிற விதம் அப்படி. பழகப் பழக வந்துடும்."

அவள் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். "கேட்டுக்கோ, உங்கண்ணனே சொல்லிட்டார்" என்று அவள் கணவர் சிரித்தது எனக்கும் கேட்டது.

சில நாளில், பிரேக் பிடித்தபோது அவள் கார் இடப்பக்கம் இழுத்து நடைபாதையில் ஏறி ஒரு கடைப் படியில் மோதியது. படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மாள் மயிரிழையில் தப்பினார். என் நாத்தனார் அன்றே சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு இருட்டோடு எழுந்து பஸ்ஸுக்கு நின்றாள். உறவுக்காரர்கள் கூடினால், மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள்: "எனக்கெல்லாம் வண்டி ஓட்ட வராதுப்பா."

அடுத்த சர்வீஸுக்கு அவள் கணவர் காரைக் கொண்டுவந்து விட்டார். சக்கரங்களைக் கழற்றினால், வலப்பக்கத்தில் பழைய பேட் அப்படியே இருக்கிறது, இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோய். போன முறை இடப்பக்கத்துக்கு மட்டும் புதிது போட்டுவிட்டு ஒருவன் சாப்பிடப் போயிருக்கிறான். வேலை முடிந்துவிட்டது என்று இன்னொருவன் சக்கரத்தை மாட்டிவிட்டான். "உங்க தங்கச்சி வண்டிதானே சார், மாத்தி அனுப்பிடலாம். யாருக்குத் தெரியப்போகுது" என்றாராம் சூப்பர்வைசர்.

இவர் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல் இதை என்னிடம் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்னுகூட உங்களுக்குத் தோணலையா?"

"தோணல" என்றார். கண் கலங்கியிருந்தது.

"கிளம்புங்க. அவ வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லணும்."

"அவகிட்ட தனியா சொல்லிக்கிறேனே."

"அவர் முன்னாடிதானே அவ மானம் போச்சு?"

போனோம். நாத்தனார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சோபாவில் இருந்தார். இவர் உட்காராமல், "மாப்ள, ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம்" என்று வரவேற்பு மேசைக் குரலில் ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மென்று முழுங்கினார்.

"தப்பு எங்க மேலம்மா. வலது பக்க பேட மாத்தவேயில்ல. இடது பக்கம் மட்டும் நல்லா பிடிச்சிருக்கு, அதான் வண்டி இழுத்திருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் வண்டியப் பாக்காமலே சொல்லிட்டேன்."

"பாக்காமலேயா?"

"ஆமாம்மா."

"நீ பாத்துட்டுதான் சொல்றேன்னு நெனச்சேன் அண்ணா. அதனாலதான் நம்பிட்டேன்."

இவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்டவரின் மனைவியாக அந்த வீட்டில் நிற்பதும் வெட்கமாக இருந்தது.

அவள் கணவர் சூழ்நிலையை லேசாக்க நினைத்தார். "விடு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கும்கூட இத்தன நாளா கொஞ்சம் இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கும் இழுத்துச்சா?"

"லேசாதான். ரோடு சரியில்ல போலன்னு நெனச்சேன்."

"நான் ஓட்டினா என் கால் சரியில்ல. நீங்க ஓட்டினா ரோடு சரியில்லையா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் என் வீட்டுக்காரருக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும், கத்துகிறவர்களைச் சமாளிப்பதுதானே அவர் தொழில். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.