ராகிக்கு நடுவே யானை

ஓசூர் கம்பெனியில் கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் பெங்களூரு விளக்கு அலங்காரம் பார்க்க நாத்தனார் ஃபெபா வீட்டுக்குப் போவது ஜெயசெல்வியின் வழக்கம். இந்த வருஷம் அவள் அசையவில்லை. "நீங்கெல்லாம் இங்க வாங்க. தேன்கனிக்கோட்டையும் ஊருதான்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

காட்டிலிருந்து இறங்கிய யானைகள் மிதித்தது போக வயலில் மிஞ்சிய ராகியைத் தட்டுகளில் முளைக்க வைத்து, வாசலில் கட்டிய குடிலைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று பரப்பினாள். நடுவே ஒரு மண் யானையை நிறுத்தினாள். தெருவே வந்து பார்த்தது.

ஃபெபாவும் வந்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"பெத்லகேம்ல யானை ஏது அண்ணி?"

"உங்க பெங்களூரு சீரியல் லைட்டு மட்டும் பெத்லகேம்ல இருந்துச்சா?" என்ற ஜெயசெல்வி, யானையைக் குழந்தை இயேசுவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.