லியோன்சியோவுக்குக் கேட்காத மூன்று குருவிகள்

லியோன்சியோ அபாதியாஸும் நானும் அயெர்பே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஜன்னல் ஓரம் அவனுடையது. ஏழாம் வாய்ப்பாடு சொல்லு என்று டீச்சர் கேட்டால், "சர்ச் கோபுரத்துல இன்னொரு நாரை ஜோடி வந்திருக்கு டீச்சர்" என்பான். பதினேழு வயதில் காகித ஆலைக்கு வேலைக்குப் போனான். இருபத்திரண்டு வருடம் அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே நின்றான். ஆலையை மூடியபோது கிடைத்த பணத்தில் மற்றவர்கள் கார் வாங்கினார்கள், வீட்டுக்கூரையை மாற்றினார்கள். இவன் ஒரு டெலஸ்கோப் வாங்கினான். அடுத்த வருடம் அவன் மனைவி பிரிந்து போனாள். டெலஸ்கோப்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் எதைத்தான் சொல்லாது.

சரகோசாவில் பறவை பார்க்கும் பயணங்கள் நடத்துகிற அம்பாரோ அவனை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டாள். வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் அவன் என்னைக் கைகாட்டினான். அதற்கு முன் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும் அதே வழி: முதலில் மலை, பிறகு ஏரி, கடைசியில் பெல்சீத்தே பொட்டல். எனக்குத் தெரிந்த பறவை கோழி மட்டும்தான், அதுவும் சட்டியில் போட்டபிறகு.

மூன்று வருடத்துக்கு முன் மலையில் ஓசாக் காட்டில் வேனை நிறுத்திவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். லியோன்சியோ குழுவிடம், "இன்னைக்குக் காடு ரொம்ப அமைதியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா அமைதி?" என்றேன். "என் தலைக்கு மேல ஒண்ணு அரை மணி நேரமா ஊசி குத்தற மாதிரி கத்திக்கிட்டு இருக்கு."

நிமிர்ந்து பார்த்தான். கிளை நுனியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குருவி. உச்சந்தலையில் நெருப்புக் கீற்று. அலகு திறந்திருந்தது, தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. லியோன்சியோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

குழு சாப்பிடப் போனபிறகு வேனுக்குள் வந்து உட்கார்ந்தான். "ரெண்டு வருஷமா அதுங்க குறைஞ்சு போச்சுன்னு நெனச்சேன் அசுன். நோட்டுல எழுதி வச்சிருக்கேன். உவெஸ்கா நகரத்துல மேடை ஏறி இதைப் பத்திப் பேசியிருக்கேன்."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் அழுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஆலையின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். மனிதர் பேச்சு கேட்கும், கழுகின் சத்தம் கேட்கும், அந்த மெல்லிய உச்சக் குரல்கள் மட்டும் போனது போனதுதான், கருவி மாட்டினாலும் திரும்பாது. அம்பாரோவிடம் சொல்லிவிடு என்றேன். "சொன்னா வீட்டுல உக்கார வேண்டியதுதான். வீட்டுல என்ன இருக்கு எனக்கு?" என்றான். எனக்குப் பதிலாக நீ கேட்டுச் சைகை காட்டு என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க என் சமையலறை மேசையில் போனை வைத்து மூன்று குருவிகளின் குரலை எனக்குக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்தவனுக்கு ஒன்றும் கேட்காது. திரையில் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, "இப்ப கத்துதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

நெருப்புத்தலைக் குருவி கத்தினால் நான் காதுத் தோட்டைத் தொட வேண்டும். மரத்தில் ஒட்டிக்கொண்டு ஏறுகிற குருவி என்றால் சட்டைக் கையை மடிக்க வேண்டும். ஏரிக்கரையில் பைக்கூடு கட்டுகிற குருவி என்றால் தொப்பியைச் சரிசெய்ய வேண்டும். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கேட்டீங்களா, அதோ" என்பான். அப்புறம் பெரும்பாலும் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அவன் கண் பொய் சொல்லாது. அதனால்தான் நானும் ஒத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வாரம் முழுக்க மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான். ஒரு வாய் நிம்மதியாக இறங்காது.

இந்த வசந்தத்தில் ஆறு பேர் வந்தார்கள். அதில் ஹெஸ்டர் என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. வாழ்நாள் முழுக்கப் பரீட்சைத் தாள் திருத்தி ஓய்வுபெற்றவர், பென்சிலும் ஸ்கேலும் இல்லாமல் சாப்பிடக்கூட வரமாட்டார். இன்னொருவர் ஹாலந்துக்காரர் வௌட்டர், இரண்டு காதிலும் கருவி, கூடவே மனைவி. மலையில் இரண்டு நாள் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. தோட்டைத் தொட்டேன், சட்டைக் கையை மடித்தேன். எலும்புண்ணிக் கழுகு வேறு தலைக்கு மேலேயே பறந்து எல்லோரையும் குஷிப்படுத்தியது. எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. ஹெஸ்டர் லியோன்சியோவைப் பார்ப்பதைவிட என்னை அதிகமாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

நான்காம் நாள் சரின்யேனா ஏரி. குழு நாணல் ஓரமாக வரிசையாக நிற்க, நான் பின்னால் நின்றேன். மெல்லிசாக, நீளமாக, "சீ…" என்று ஒன்று கேட்டது. தொப்பியைச் சரிசெய்தேன்.

"யாரும் அசையாதீங்க," என்றான் லியோன்சியோ. "வலது பக்கம், நாணலுக்குள்ள. பைக்கூடு கட்டற குருவி."

ஆறு பைனாகுலர்களும் ஒன்றாக எழுந்தன. மறுபடி "சீ…". நாணலில் ஒன்றுமில்லை. மறுபடியும்.

வௌட்டரின் மனைவி திரும்பினார். "ஏங்க, உங்க காது விசில் அடிக்குது."

அவர் கருவியைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார். சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். லியோன்சியோவும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக. ஹெஸ்டர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பட்டியல் படிப்பது வழக்கம். வழிகாட்டி ஒவ்வொரு பறவையின் பெயராகச் சொல்வார், பார்த்தோம், கேட்டோம் என்று அவரவர் குறித்துக்கொள்வார்கள். கண்ணில் படாத பறவையையும் வழிகாட்டி கேட்டதாகச் சொன்னால் எழுதிக்கொள்ளலாம். அவன் வார்த்தைதான் சாட்சி.

"பைக்கூடு கட்டற குருவி. இது இல்லை," என்றான் லியோன்சியோ. மேசையில் மறுபடி சிரிப்பு.

ஹெஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "காட்டுல அந்த மரமேறிக் குருவி? அதை நாங்க யாரும் பார்க்கலை. நீங்க கேட்டதா சொன்னீங்க. கேட்டீங்களா?"

கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவன் பட்டியலை மூடினான்.

"கேக்கலை. அஞ்சு வருஷமா எனக்குக் கேக்கறதில்லை. நெருப்புத்தலைக் குருவியும் கேக்கலை. ஆனா ரெண்டும் அங்க இருந்துச்சு, அது உண்மை."

"அப்ப கேட்டது யாரு?"

"அசுன். வேன் ஓட்டறாங்களே, அவங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வாயில் ரொட்டி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எனக்கும்தான் ஒண்ணும் கேக்கலை," என்றார் வௌட்டர். "நான் கோவப்படலையே."

"நீங்க சும்மா இருங்க," என்றார் மனைவி.

ஹெஸ்டர் ஸ்கேலை வைத்து இரண்டு பெயர்களை நேராக அடித்தார். "ரெண்டு குருவி போனா எனக்கு ஒண்ணும் இல்லை. நாலு நாளா உங்களை நம்பினேன். அதுதான்." எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

மறுநாள் காலை பெல்சீத்தே. கண்ணுக்கு எட்டியவரை காய்ந்த புல், நடுவில் ஒரு செம்மறிப் பட்டி. லியோன்சியோ எப்போதும்போல டெலஸ்கோப்பை நட்டுக் கல்கௌதாரிகளைக் காட்டிக்கொண்டிருந்தான். அவற்றின் கரகரப்பான குரல் அவனுக்கு நன்றாகவே கேட்கும். அம்பாரோ என் போனுக்கு அழைத்தாள். ஹெஸ்டர் விடியற்காலையிலேயே அவளுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டாராம்.

"கேட்டது எல்லாம் நீதானாமே அசுன்," என்றாள். "அடுத்த குழுவுக்கு நீயே வழிகாட்டியாப் போயேன். வேனுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

"லியோன்சியோ?"

"நல்லாத்தான் செஞ்சான், பாவம். ஒரு விருந்து வச்சு அனுப்பிடலாம்."

"உன் விருந்துல இடி விழ," என்றேன். "இந்தா பாரு அம்பாரோ, வந்தா ரெண்டு பேரும் வருவோம். நான் கேட்டுச் சொல்றேன், அவன் தேடிக் காட்டட்டும், எல்லாருக்கும் தெரியற மாதிரியே செய்வோம். இல்லைன்னா வந்து வேன் சாவியை வாங்கிக்க." யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசிப்பதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.

லியோன்சியோ வேன் பக்கம் வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"அறிவு கெட்டவளே," என்றான். "சரின்னு சொல்லியிருக்கணும்."

"எனக்கு மூணு குருவிதான்யா தெரியும்."

"என்கிட்ட இல்லாத மூணு."

மூன்று வருடமாக மாட்டிக்கொள்வோமோ, மாட்டிக்கொள்வோமோ என்று மட்டுமே பயந்துகொண்டிருந்தேன். அவனுக்கு என்ன போயிற்று என்று ஒருநாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"அந்த ஓசாக் காட்டுக் குருவி," என்றான். "இப்பவும் அதே மாதிரிதான் கத்துதா?"

"எந்த மாதிரி?"

"செஞ்சு காட்டு."

"உனக்குப் பைத்தியமா?"

"செஞ்சு காட்டு அசுன்."

எனக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் சிகரெட் பிடித்த தொண்டை. சாலை ஓரத்தில் நின்றுகொண்டு, உதட்டைக் குவித்து, "சி சி சி சி" என்றேன். குருவி கேட்டால் செத்துப்போகும். ஆனால் என் குரல் குருவியின் உயரத்துக்கு எங்கே ஏறும்? அது அவன் காதுக்கு எட்டுகிற இடத்திலேயே நின்றது. அவன் என் வாயையே பார்த்தான்.

"கேக்குது," என்றான். "இன்னும் வேகமா. கடைசில கொஞ்சம் ஏத்து."

வேகமாகச் செய்தேன். கடைசியில் ஏற்றினேன். பட்டி நாய் குரைக்க ஆரம்பித்தது. டெலஸ்கோப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஹெஸ்டரும்தான். அவன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. மறு கையின் ஒரு விரல் மட்டும் வேன் கதவில் தாளம் போட்டு, இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்றது. நிறுத்தினால் அந்தக் காடு மறுபடி அவனுக்கு அமைதியாகிவிடும் என்று, மூச்சு முட்ட முட்ட நான் கத்திக்கொண்டே இருந்தேன்.