பேப்பர் வராத பேட்ஜ்

எங்கள் அண்ணி எடையளவுத் துறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, எடைக்கற்களில் முத்திரை குத்தும் வேலை. அவர் தெருமுனையில் தலையைக் காட்டினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டிலும் அதே கெடுபிடிதான். சிரிப்பைக்கூட நிறுத்துத்தான் கொடுப்பார் என்று அண்ணனைச் சீண்டுவேன். அதுவாவது கிடைக்கிறதே என்று அவன் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி மைதானத்தில் சாரணியர் படைப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுடைய யூனிஃபார்மைச் சரிபார்ப்பது அண்ணியின் பொறுப்பு. கையில் ஆறங்குல ஸ்கேல், சட்டைப்பையில் சின்னக் கத்தரிக்கோல். தகுதிப் பேட்ஜ்கள் வலது கையில், தோளிலிருந்து நாலு விரல் கீழே, ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். படிநிலைப் பேட்ஜ் இடது கையில். அடுத்தவர் வாங்கிய பேட்ஜைப் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சான்றிதழ் கைக்கு வராமல் எந்தப் பேட்ஜும் சட்டையில் ஏறக்கூடாது. பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேல் மேடம்'. அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கீழே மைதானத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையின் கடைசிப் பெண்ணைப் பார்த்து முடித்த அண்ணி, இன்னும் ஓரடி தள்ளிப் போய் நின்றார். எதிரே யாருமில்லை. ஆனால் குனிந்து, ஸ்கேலை நீட்டி, தோள் இருக்க வேண்டிய உயரத்தில் எதையோ அளந்தார். வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

அன்று சமையலறையில் விடாமல் கேட்டேன். கடைசியில் வாயைத் திறந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண், நீச்சல் பேட்ஜைத் தைத்துக்கொண்டு அணிவகுப்புக்கு வந்திருக்கிறாள். பதின்மூன்று வயது. தேர்வு வைத்தவரே பாஸ் என்று சொன்னாராம். சான்றிதழ் மட்டும் வரவில்லை. விதி விதிதான் என்று அண்ணி பேட்ஜை அங்கேயே வெட்டிப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சரிங்க மேடம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் போன நாலாம் நாள் சான்றிதழ் அண்ணியின் கைக்கு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுத் தெரு வரைக்கும் போயிருக்கிறார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் கால் வராமல் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று தள்ளித் தள்ளி, பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றாகிவிட்டது. அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசையின் கடைசியில் அவள் வந்து நிற்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. வலது கையை மட்டும் லேசாக முன்னால் காட்டுகிறாள்.

 பிறகு ஜூன் மாதத்தில் படைக்கு ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். அவள் போட்டிருந்தது பழைய சட்டை. வலது கையில் ஐந்து இடங்களில் துணி வெளுக்காமல், பேட்ஜ் இருந்த அளவுக்கு அடர்நிறமாக இருந்தது. ஆறாவது இடம் மற்ற துணியைப் போலவே வெளுத்திருந்தது. ஊசித்துளைகள் மட்டும். யாருடைய சட்டை என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

"எங்க அக்காவோடது மேடம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டா. வாங்காத பேட்ஜை வாங்கினேன்னு பொய் சொன்னாளாம். அவளை மாதிரி இருக்காதேன்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க."

வீட்டுக்கு வந்த அண்ணி இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். செத்துப்போன பிள்ளை சொந்த வீட்டிலேயே பொய்க்காரியாக இருக்கிறாள். அதைத் துடைக்கும் காகிதம் இவர் பீரோவில் இருக்கிறது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஊர்த் தராசையெல்லாம் சரி பண்றீங்க. போய் அந்த அம்மாகிட்ட சொல்லித் தொலைங்க அண்ணி" என்றேன். தனியாகப் போக மாட்டார் என்பதால் நானும் கிளம்பினேன்.

அந்த அம்மா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தார். கடை ஒரு ஆள் அகலம்தான். இரண்டு மெஷின், ஒரு ஸ்டேப்ளர், சூடேறிய காகித வாசனை. அண்ணி உறையிலிருந்து சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார்.

அந்த அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. எத்தனை காப்பி என்று கேட்டுக்கொண்டே வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினார். வெளிச்சம் ஓடியது. வெளியே வந்த தாளை எடுத்துத் தட்டிச் சரிசெய்யும்போதுதான் பெயர் கண்ணில் பட்டது. தேதியைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார். அப்புறம்தான் அண்ணியை அடையாளம் தெரிந்தது.

அண்ணி எதையும் மழுப்பாமல் சொன்னார். பேட்ஜை வெட்டியது, சான்றிதழ் வந்தது, தெரு வரைக்கும் வந்து திரும்பியது, எல்லாம். மன்னிப்பும் கேட்டார்.

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"பேப்பர் வரும்மா, வந்ததும் மறுபடி தைச்சுக்கலாம்னு சொன்னா அவ. மேடம் தப்பா வெட்ட மாட்டாங்க, நீதான் பொய் சொல்றேன்னு அடிச்சேன். காய்ச்சல்லகூட, நான் நிஜமா நீந்தினேம்மான்னு சொல்லிட்டே இருந்தா. சரி தூங்குன்னேன். நம்பறேன்னு சொல்லல." தாளின் ஓரத்தை மறுபடி தட்டிச் சரிசெய்தார். "அவ போனப்புறமும் ஒரு மாசம் தபால்காரரைப் பார்த்துட்டு நின்னேன். வரல. அதுக்கப்புறம்தான், பொய்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அடிச்சது நியாயம்தானேன்னு."

அண்ணி கைகூப்பியபடி நின்றார். 

"மேடம், ஒண்ணு கேக்கறேன். இப்ப உங்களுக்குப் பாரம் இறங்கிடுச்சா?"

இல்லை என்று சொல்லுங்கள் அண்ணி என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆனால் அவருக்கு எடையில் பொய் சொல்லத் தெரியாது.

"இறங்கிடுச்சும்மா" என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். "எனக்கு இனிமேதான் ஏறப்போகுது" என்றார். எங்களுக்குப் பின்னால் அடையாள அட்டையோடு நின்ற ஆளிடம் கையை நீட்டி, எத்தனை காப்பி என்று கேட்டார்.