அக்கா பேசிக் கொடுத்த கசெற்

ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அவருடைய அலுமாரியை ஒதுக்கியபோது, வேட்டிகளுக்கு அடியில் அந்தக் கசெற் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் அக்காவின் பெயரை வெட்டிவிட்டு, யாரோ 'பாட்டு' என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருடங்களாக நான் வயிற்றெரிச்சலோடு நினைத்துக்கொண்டிருந்த சாமான் அது.

தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் யுத்த காலம். நீர்வேலியில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. அக்காவுக்குப் பாரிஸில் இருந்த மாப்பிள்ளை ஒருவரோடு கலியாணம் முற்றாகியிருந்தது. அங்கே போய் வாய் பேசாத ஆள்போல நிற்கக்கூடாது என்று அவள் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினாள். உச்சரிப்புக் கேட்க ஞாயிறுதோறும் பண்டத்தரிப்பில் இருந்த வயதான கன்னியாஸ்திரி ஒருவரிடம் சைக்கிளில் போவாள். மற்றதெல்லாம் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துத் தன்பாட்டில் படித்தாள். நடந்து முடிந்த ஒன்றுக்கும் முன்னமே முடிந்துபோனதைச் சொல்ல அந்த மொழியில் தனியாக ஒரு காலம் உண்டாம். அந்தப் பாடத்துக்கு அவள் வந்துசேர்ந்திருந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்தார். "பொடியனுக்குப் பெட்டையின்ரை குரலைக் கேக்க ஆசையாம். ஒரு கசெற்றிலை கதைச்சுத் தாங்கோவன்" என்றார்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்து, நான் பெடலைக் கையால் சுற்றினேன். எதிரே கதிரையில் ஐயா. கதவோடு அம்மா. முன்பின் பார்த்திராத ஒருவரோடு, தகப்பனை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு பெண் என்னத்தைத்தான் கதைப்பாள்? "நான் சுகம், நீங்கள் சுகமோ" என்றதோடு அக்காவுக்குச் சொல் முடிந்துபோயிற்று. ஐயா பொறுமையிழந்தார். "கதையன் பிள்ளை, கசெற் ஓடுதெல்லே." அக்கா கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் புதிய காலத்தில் வினைச்சொற்களை ஒப்பிக்கத் தொடங்கினாள். போயிருந்தேன், போயிருந்தாய். முடித்திருந்தேன், முடித்திருந்தாய். கடைசியாக, காத்திருந்தேன். ஜாவே அத்தாந்து. அதைச் சொன்னபோது அவள் முகம் சிவந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் அவள் அந்த வாய்ப்பாட்டுக்குள் வைத்துத்தான் அனுப்பினாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஐயாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெருமையில் முகம் மட்டும் பூரித்துப்போயிருந்தது. எனக்கோ கை உளைந்தது.

பாரிசுக்குத் தபாலில் போடச் சொல்லி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கசெற்றைக் கொடுத்தனுப்பினோம். சில மாதங்களில் அது திரும்பி வந்தது. கூடவே, சம்பந்தம் பேசும்போது கொடுத்த அக்காவின் படமும் வந்தது. மாப்பிள்ளையின் தாய் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினார். "என்ரை பிள்ளை அங்கை கோப்பை கழுவுறான். நாலு சொல்லோடை சமாளிக்கிறான். உதைப் போட்டுக் கேட்டிட்டு அறையிலை இருக்கிற பொடியள் எல்லாம் 'வாத்தியாரம்மா வாறா' எண்டு சிரிச்சவங்களாம். தனக்குப் பாடம் எடுக்கிற பெம்பிளை வேண்டாமாம்."

ஐயா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படலைவரை போய் மரியாதையாக வழியனுப்பிவிட்டு வந்து, குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார். "உன்ரை படிப்பாலை வந்த வினை!" பூரித்துப்போயிருந்த அதே முகம்தான். எனக்கு அந்த மாப்பிள்ளையில் இருந்த கோபத்தைவிட அன்று ஐயாவில் வந்த கோபம் பெரிது. அவர் செத்தும் அது முழுதாக ஆறவில்லை.

அக்கா அழவில்லை. இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்து, சொன்னதையெல்லாம் வரிவரியாகத் திரும்பப் பார்த்தாள். "எங்கையோ பிழை விட்டிட்டன் போலை கிடக்கு. இல்லாட்டி ஏன் சிரிக்கிறாங்கள்?" ஒருதரம் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும் என்று கசெற்றைக் கேட்டாள். ஐயா கொடுக்கவில்லை. எங்கே வைத்தார் என்றும் சொல்லவில்லை.

பாரிஸ் மாப்பிள்ளையே வேண்டாமென்று தள்ளிய பெட்டை என்று பெயர் விழுந்த பிறகு எங்கள் படலையைத் திறந்து யார் வரப்போகிறார்கள்? தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது இலக்கணப் புத்தகம் வீட்டோடு போயிற்று. ஐயாவோ காணி உறுதிகளோடு இந்தக் கசெற்றையும் கட்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். ஏன் என்று இனி யாரைக் கேட்பது? அந்தப் பாரிஸ் மாப்பிள்ளை இப்போது கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்துபோகிறார். பிள்ளைகள் அவருடைய பிரெஞ்சைத் திருத்த, வீதியில் நின்று பெருமையாகச் சிரிக்கிறார்.

பக்கத்து வீட்டில் ஒரு பழைய ரேப் இரவல் வாங்கிக் கசெற்றைப் போட்டேன். சினிமாப் பாட்டு. அக்காவின் குரலுக்கு மேலே பாட்டுப் பதிந்து கேட்டுவிட்டுத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுகள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அக்கா. என் கை களைத்து டைனமோ மெதுவாகிய இடம் அது. அன்று மெதுவாகச் சுற்றிப் பதிந்த நாடா இன்று சரியான வேகத்தில் ஓடியதால், குரல் சின்னப் பிள்ளையின் குரல்போலக் கீச்சென்று விரைந்து ஓடியது. நூசாவியோன் அத்தாந்து. வூசாவியே அத்தாந்து. இல்சாவே அத்தாந்து. காத்திருந்தோம், காத்திருந்தீர்கள், காத்திருந்தார்கள். அதோடு முடிந்தது.

திரும்பிப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த அக்கா, குசினி வாசலில் கையில் அகப்பையோடு நின்றாள்.

"சரியாத்தானே சொல்லியிருக்கிறன்" என்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.