எலிக்கு அரிக்காத கம்மல்

குளத்தூர் சிவரஞ்சனியின் காதில் கம்மல் கிடையாது, வேப்பங்குச்சிதான். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போட்ட கவரிங் கம்மல் இரண்டு காதையும் புண்ணாக்கிவிட்டது. "ஊரே போடுது, ஒனக்கு மட்டும் என்னடி வந்துச்சு?" என்றாள் அம்மா செவந்தி. வலி காதுக்காரிக்குத்தானே தெரியும். தங்கம் வாங்கும்வரை குச்சி இருக்கட்டும் என்றார்கள். இருக்கிறது.

படித்து முடித்து, திருச்சி ரோட்டில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விதி கொண்டுபோய்த் தள்ளிய இடத்தைப் பாருங்கள்: எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வாது என்று கண்டுபிடிக்கிற பிரிவு. முன்பெல்லாம் எலியின் காதில் பூசிப் பார்ப்பார்கள். இவள் கையில் இருந்தது எலியே வேண்டாத புது முறை. கிண்ணத்தில் வளர்த்த தோல் செல்களே சொல்லிவிடும். பல வருட உழைப்பு. ஆனால் அது சரியா என்று பார்க்க, பழைய எலி முடிவுகளோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு சில பொருள்களில் முடிவு பிசகலாம். அந்த வரம்புக்கு மேல் இரண்டு பொருள்கள் பிசகி நின்றன. இவற்றில் ஒன்று சரியாகாவிட்டாலும் முறையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒன்று, கவரிங் நகையில் கலக்கிற நிக்கல். செல் அரிக்கும் என்றது; எலி அரிக்காது என்றிருந்தது.

"எலி சொல்றதுதாம்மா அளவுகோல்," என்றார் மேலாளர் ரத்தினவேல். கெட்ட மனிதர் இல்லை, விதிமுறை அப்படி.

"சார், என் காதப் பாருங்க."

பார்த்தார். குச்சியை அன்றைக்குத்தான் கவனித்தார் போலிருக்கிறது. "ஒரு ஆளு காது போதாதும்மா."

தோல் மருத்துவர்களின் பதிவுகளைத் தேடிக் கொடுத்தாள். நிக்கல் பட்டுப் புண்ணானவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். எலிதான் தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் முறையாக யாரோ தன் காதை நம்பியதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மற்றது ஒரு வாசனைப் பொருள். இதையும் செல் அரிக்கும் என்றது. அதை எலியிடம் இரண்டு முறை கேட்டிருந்தார்கள். முதலில் அரிக்கும், அப்புறம் அரிக்காது. பிந்தியதையே முடிவாக வைத்துக்கொண்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இந்த ஓணான் இரண்டு பக்கமும் தலையாட்டியிருந்தது.

"மனுசங்க யாருக்காச்சும் அரிச்சிருக்கா?" என்று கேட்டார் ரத்தினவேல்.

"அது இன்னும் கடைக்கே வரலையே சார்."

"அப்ப எலி சொன்னதுதாம்மா."

முறை தேறவில்லை. கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

வீட்டில் செவந்தி ஒரு சின்ன டப்பாவோடு காத்திருந்தாள். உள்ளே கம்மல். "இது புதுத் தினுசாம்டி. யாருக்கும் அரிக்காதாம். கடைக்காரவுக சொன்னாக."

சிவரஞ்சனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருக்குப் போட்டுப் பாத்தாகளாம்?"

"அதெல்லாம் யாரு கேட்டா? நீ போட்டுப் பாரேன், தெரிஞ்சுரும்."