பன்னிரண்டு கண்ணி

என் கணவரின் அண்ணன் மனைவியைத் தெருவில் எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் சொல்வார்கள். கையில் எப்போதும் பின்னல் ஊசி இருப்பதால் வந்த பெயர் என்று அவர் நம்புகிறார். வாயையும் சேர்த்துத்தான் வைத்தார்கள் என்று நான் இதுவரை சொன்னதில்லை. அவர் மாடியில், நான் கீழ்வீட்டில். உறவு கெடாமல் இருக்க வேண்டாமா?

கம்பளி நூல் கடை ஒன்றுக்குப் பதினான்கு வருடமாக வேலை செய்கிறார். கடைக்காரம்மா பருவத்துக்கு ஒரு பேட்டர்ன் புத்தகம் போடுவார், ஊசியில் எத்தனை கண்ணி ஏற்றுவது, எத்தனை வரிசை பின்னுவது என்ற கணக்கோடு. குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர், குல்லா, கையுறை. மழைக்காலத்துக்கு மெல்லிய சால்வைகள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் அக்கா பின்னிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். குளிர்கால வேலை கோடையில்தான் வரும். ஊரே ஃபேனுக்கு அடியில் உருகிக்கொண்டிருக்கும்போது இவர் கம்பளியைச் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்கப் பின்னுவார். அதுவும் உட்கார்ந்து அல்ல, கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே. தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டால், ஏதோ ஒரு ஸ்வெட்டருக்குக் கை வளர்கிறது என்று புரிந்துகொள்வேன்.

பேட்டர்னுக்குக் கீழே ‘பின்னிப் பார்த்தவர் சொல்வது’ என்று இரண்டு வரி வரும். அதற்காகவே புத்தகம் வாங்குகிறவர்கள் உண்டு. “இந்தக் கழுத்து பொம்மைக்குச் சரி. தலை உள்ளவர்கள் எட்டுக் கண்ணி சேர்த்துக்கொள்ளவும்.” “இந்த மஃப்ளரை நமக்கு ஆகாதவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.” “கையுறை நன்று. ஆனால் ஆறு விரல் வேண்டும்.” பாராட்டு என்பது அவர் அகராதியில் கிடையாது. ‘பரவாயில்லை’ என்று போட்டால் கடைக்காரம்மா இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார்.

சங்கடம் என்னவென்றால், கருத்து கம்பளியோடு நிற்காது. என் திரைச்சீலை, பக்கத்து வீட்டுக்காரரின் மீசை, டாக்டரின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் இரண்டு வரி உண்டு. மகளுக்கு மட்டும் இரண்டு வரி போதாது. அவளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான், அவள் பின்னிய எதையும் முகம் மலர்ந்து பார்க்காததும் இவர்தான். ஸ்வெட்டர் கையின் மணிக்கட்டில் வேலையை முடிக்கும்போது மகள் நூலை உள்ளே செருகாமல் ஒரு குட்டி முடிச்சுப் போட்டு விடுவாள். அந்த முடிச்சுக்காகப் பத்து வருடம் சண்டை நடந்தது.

மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். முதல் கர்ப்பம் போன வருடம் கலைந்தது. இந்த வருடம் இரண்டாவது மாதத்தில் போன் செய்து, “அம்மா, மறுபடி இருக்கேன்” என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கலாம். இவரோ, “இப்ப என்னடி அவசரம்? உடம்பு தேறட்டும்னு உனக்குத் தோணலையா?” என்றார்.

“இது பேட்டர்ன் இல்லம்மா. உங்கிட்ட யாரும் கருத்து கேக்கல.”

போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு மகள் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை என் கணவருக்கு அவ்வப்போது ‘நல்லா இருக்கா’ என்று இரண்டு சொல் அனுப்புவார். அந்த இரண்டு சொல்லுக்காக அக்கா நாளைக்குப் பத்துத் தடவை படி இறங்கி வந்தார். “ஏதாச்சும் வந்துச்சா?” என்பார். இல்லை என்றால் அடுப்பில் இருப்பதைக் கிண்டிவிட்டு, துணியை மடித்துவைத்துவிட்டு, மறுபடி ஏறிப்போவார். எனக்கு எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

அந்தக் கோடையில் வந்த பேட்டர்ன்களில் ஒன்று பச்சைக் குழந்தைக்கான ஸ்வெட்டர். மூன்றே நாளில் முடித்தார். இரவு பகலாகத் தலைக்கு மேல் நடை. முடித்ததும் அளந்து பார்த்து, “எவ போட்ட கணக்கு இது? சுண்டெலிக்குத்தான் ஆகும்” என்றார். புத்தகத்தில் வந்த கருத்து இது: “அளவு சிறியது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பன்னிரண்டு கண்ணி சேர்க்காமல் பின்ன வேண்டாம்.”

குளிர் தொடங்கியதும் கடைக்காரம்மா ஒரு பெரிய பையோடு மாடி ஏறினார். முகம் சரியில்லை என்று நானும் பின்னாலேயே போனேன்.

“அக்கா, நீங்க சொன்னபடி பின்னினவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டாந்து கொட்டறாங்க. பொறக்கப்போற குழந்தைக்குப் பின்னினா மூணு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்காம்.”

“அவங்களுக்குப் பின்னத் தெரியல” என்றார் அக்கா.

“பதினோரு பேருக்குமா?”

அக்கா விருட்டென்று உள்ளே போய், தான் பின்னிய மாதிரியைக் கொண்டுவந்து டேப்பை வைத்தார். நான்கு அங்குலத்துக்கு இருபத்துநான்கு கண்ணி வர வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது இருந்தது. மறுபடி எண்ணினார். ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் எண்ணினார். கணக்குப் போட்டவள் மேல் தப்பில்லை. இவர்தான் நூலை இறுக்கி இறுக்கி ஸ்வெட்டரைச் சுருக்கியிருக்கிறார்.

எனக்கு அந்தக் குல்லா ஞாபகம் வந்தது. நான்கு வருடம் முன்பு அக்காவின் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டே பின்னியது. ஆளுக்கென்று தொடங்கியது தேங்காய்க்குக்கூட ஏறவில்லை. அன்றைக்கு மகள்தான் அதைத் தடவிப் பார்த்து, “அம்மா எவ்வளவு பயந்திருக்கா பாருங்க சித்தி” என்றாள்.

“இது ஒண்ணு மட்டும் தபால்ல வந்துச்சு” என்று கடைக்காரம்மா பையிலிருந்து சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை எடுத்தார். “பேரு போடல. யாரோ அக்கறையான ஆளு போலிருக்கு.” அதில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. நான் வாங்கி உரக்கப் படித்தேன்.

“இதை நானே பிரித்துப் பின்னிக்கொள்ள முடியும். பன்னிரண்டு கண்ணி சேர்க்கச் சொன்னவர் நலமாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லவும்.”

அக்கா சீட்டைப் பார்க்கவில்லை. ஸ்வெட்டரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு குட்டி முடிச்சு இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

என் போனை வாங்கி அவரே எண்ணை அழுத்தினார். இந்தத் தடவை எடுக்கப்பட்டது.

“உடம்புக்கு ஒண்ணுமில்லடி” என்றார் எடுத்த எடுப்பில்.

“பின்ன?”

“பயம். அன்னிக்கும் பயத்துலதான் அப்படிச் சொன்னேன். வேண்டாம்னு நெனச்சு சொல்லல.” குரல் உடைந்தது. “இன்னொரு தடவை நீ அப்படி அழறதை என்னால பாக்க முடியாதுடி.”

கடைக்காரம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

“எட்டு மாசம் ஆச்சும்மா. நல்லா உதைக்குது. ஞாயித்துக்கிழமை கிளம்பி வா” என்றாள் மகள். பிறகு, கொஞ்சம் தயங்கி, “ஸ்வெட்டர் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

அக்காவின் கட்டைவிரல் அந்த முடிச்சின் மேல் இருந்தது.

“நல்லா இருக்கு” என்றார்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான். நல்லா இருக்கு.”