நாற்பதடிக் கொட்டில்

முரசுமோட்டையில் வீரகத்தியின் பக்தியைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1962ஆம் ஆண்டு ஆடி மாதம் புது உழவு மிசின் வந்து சேர்ந்த நாள் தொடக்கம், ஒரு காலையும் தவறாமல் அவன் அதில் ஏறிக் கிழக்கே போனான். வயற்கரைப் பிள்ளையார் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினான். அதன் பிறகே மேற்கே கிடந்த தன் வயலுக்குப் போனான். காய்ச்சல் என்றாலும் போனான். இறங்கிக் கும்பிடுவதில்லை. அதுவும் பெருமையாகவே பேசப்பட்டது. "இறங்கிக் கும்பிட எல்லாருக்கும் தெரியும். வாகனத்தோடை வலம் வாறதுக்கு ஒரு மனம் வேணும்" என்று கோயில் ஐயரே சொன்னார்.

உண்மை என்னவென்றால், வீரகத்திக்கு மிசினைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது.

அவனுடைய வீட்டுக்கு முன்னால் போகும் தெரு, இரண்டு பக்கமும் வாய்க்கால் ஓட, வயல்வரம்பு கொஞ்சம் தடித்ததுபோலக் கிடக்கும். பின்னேரம் வயலிலிருந்து வந்து வாசல் படலைக்கு வெளியே மருதமரத்தின் கீழ் நிறுத்தினால், மிசின் கிழக்கைப் பார்த்தபடி நிற்கும். காலையில் மேற்கே போகவேண்டும். வேறு யாருமென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு இழுவை இழுத்துத் திருப்பிவிடுவார்கள். வீரகத்திக்குத் தோதான வெளி, அரை மைலுக்கு அப்பால், பிள்ளையாரைச் சுற்றித்தான் இருந்தது.

வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவன் அவன். காடு வெட்டினான். பாம்புகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தான். பத்து வருடம் ஒரு சோடி எருதுகளோடு உழுதான். எருதுகள் முன்னுக்குத்தான் நடந்தன. பின்னுக்குப் போவதென்று ஒரு வித்தை உலகத்தில் இருப்பதை அவன் நினைத்தும் பார்க்கவில்லை. மிசின் விற்ற இடத்தில் ஓட்டப் பழக்கியவன் மூன்று மணித்தியாலம் பழக்கினான். கடைசிக் கால் மணித்தியாலத்தில், "இனிப் பின்னுக்கு எடுப்பம்" என்றான். எடுத்தார்கள். மிசின் பழக்கியவனுடைய சைக்கிளின் மேலும், அதில் தொங்கிய சாப்பாட்டுக் கரியரின் மேலும் ஏறி இறங்கியது. அவன் நசுங்கிய கரியரைத் தூக்கி, அதிலிருந்து ஒழுகிய பருப்பைப் பார்த்தபடி, "அண்ணை, நீங்கள் முன்னுக்கே போங்கோ. இனி எப்பவும் முன்னுக்குத்தான்" என்றான். வீரகத்தி அதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டான்.

இது வெளியே தெரியலாமா? தெரியக்கூடாது. பக்கத்து வளவுச் சிற்றம்பலம் ஐந்து வருடத்துக்கு முன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தான். ஒரேயொரு முறைதான் விழுந்தான். இன்றைக்கும் பரந்தன் சந்தி வரைக்கும் அவன் வாய்க்கால் சிற்றம்பலம்தான். அந்தத் தெருவுக்கே முதல் மிசின் கொண்டுவந்தவனுக்கு என்ன பட்டம் வைப்பார்கள்?

புரட்டாசி பிறந்தது. மாரி இறங்குமுன் மிசினுக்கு ஒரு கூரை வேண்டும். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்ட ஓடாவி அப்புத்துரை அளவு கேட்க வந்தார்.

"எத்தினை அடி, தம்பி?"

வீரகத்தி ஆயத்தமாக இருந்தான். முதல்நாள் வயலில் மிசினை முழுவட்டம் அடித்துத் திருப்பி, சில்லுத் தடத்தைக் கயிற்றால் அளந்து வைத்திருந்தான். கொட்டிலுக்குள் முன்னுக்குப் போய், உள்ளேயே திரும்பி, முன்னுக்கே வெளியில் வரவேண்டும்.

"நாப்பதுக்கு நாப்பது. நடுவிலை கப்பு ஒண்டும் வரக்கூடாது."

அப்புத்துரை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "மிசின் எத்தினை அடி நீளம்?"

"பத்தரை. கலப்பையோடை பதினாலு."

"மிச்சத்துக்குள்ளை ஆர் குடியிருக்கப் போகினம்?"

"பட்டறை போடப்போறன், அண்ணை. திருத்த வேலையெல்லாம் இஞ்சையே செய்யலாம்."

பட்டறைக்கென்று அவனிடம் இருந்தவை மிசினோடு வந்த மூன்று ஸ்பானர்களும் ஒரு சுத்தியலும்தான். அப்புத்துரைக்கு அது தெரியும்.

"மூண்டு ஸ்பானருக்கு நாப்பதடியோ? ஒண்டிட்டையிருந்து மற்றதிட்டைப் போக பஸ் எல்லோ பிடிக்கவேணும்."

"இனி வாங்குவன். எண்ணெய்ப் பீப்பா வரும், வேலை மேசை வரும், பிறகு ரெண்டாவது மிசின் வரும்..."

"வரட்டும். நடுவிலை கப்பில்லாமல் நாப்பதடிக் கூரையை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? நீரோ?"

அதற்குள் வேலிக்கு மேலே சிற்றம்பலத்தின் தலை தெரிந்தது. "பெரிசாப் போடுங்கோ அண்ணை! சங்கக் கூட்டம் வைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை நாடகம் போடலாம்."

அன்று பொழுதுபடுமுன் தெரு முழுவதும் கொட்டிலுக்கு வேலை கண்டுபிடித்துவிட்டது. நாற்பதடி பெரிது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாடகமென்றால் மேடைக்கு இன்னும் பத்தடி வேண்டும் என்றுதான் சொன்னார்கள். வீரகத்தி தலையாட்டினான். சொன்ன பொய்யைச் சின்னதாக்க வழி தெரியவில்லை. பொய்யிலும் அவனுக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது.

அவன் மனைவி பத்மாசனிக்கு இந்தக் கணக்கு வேறுவிதமாகப் பட்டது. வீட்டின் இடப்பக்கத்தில் கொட்டில். கொட்டில் வாசல் வரும் இடத்திலிருந்து முப்பத்தைந்து அடியில் அவளுடைய மிளகாய்ப் பாத்தி, முந்நூறு கன்று. நாற்பதடி என்றால் பாத்தி கூரைக்குள் போய்விடும்.

"இஞ்சாருங்கோ, இது மிசினுக்குக் கொட்டிலோ, தேர்முட்டியோ?"

"தேர் மாதிரித்தான். தேர் பின்னுக்குப் போகுமோ?" என்றான் வீரகத்தி. வாய் தவறி வந்துவிட்டது.

பத்மாசனி விடவில்லை. "இப்ப ஆர் பின்னுக்குப் போகச் சொன்னது?"

அவன் சுருட்டுத் தேடுகிற மாதிரி எழும்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் முளை அடித்தார்கள். பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கப்பு நடக் கிடங்கு வெட்டுமுன் மிசினை உள்ளே விட்டு ஒருதரம் பார்க்கவேண்டும் என்று அப்புத்துரை பிடிவாதமாக நின்றார். வீரகத்தி படலையால் கம்பீரமாக வந்தான். வந்த கம்பீரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டான். இடப்பக்கம் குவித்திருந்த பாலை மரங்கள். வலப்பக்கம் விறகும் கோழிக்கூடும். மூக்குக்கு நேரே, ஏழெட்டு முழத்தில், மிளகாய்.

"நல்லது. இப்ப ஒரு நாலடி பின்னுக்கு எடும்" என்றார் அப்புத்துரை.

மிசின் படபடத்தபடி நின்றது.

"எடும், தம்பி."

"அண்ணை," என்றான் வீரகத்தி, குரலை ஐயரைப்போல ஆக்கிக்கொண்டு, "நல்ல நாள், நல்ல நேரம். முதல் முதல் கொட்டிலுக்குள்ளை வந்த வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறதோ?"

"எங்களுக்கு இது தோன்றேல்லைப் பாருங்கோ!" என்றான் சிற்றம்பலம். "ஒவ்வொரு நாளும் கோயிலைச் சுத்துற மனுசனெல்லோ. அப்ப, தள்ளுவம்!"

"தள்ளினாலும் பின்னுக்குத்தானே போகும்?" என்றது ஒரு குரல்.

"தள்ளினால் நாங்கள் எல்லோ போறம். மிசின் போறதெண்டு ஆகாது" என்றான் சிற்றம்பலம்.

இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் எட்டுப் பேர் தள்ளினார்கள். மிசின் அசையவில்லை, சிற்றம்பலத்தின் சாரம் மட்டும் கிழிந்தது. அப்புத்துரை கோடரியைக் கீழே போட்டார். "அது இப்பிடியே நிக்கட்டும். நான் அதைச் சுத்திக் கட்டிவிட்டிட்டுப் போறன். சாகுமட்டும் வெளியிலை வரத் தேவையில்லை."

பின்னுக்கு எடுத்தால் கோழிக்கூடோ ஓடாவியோ மிஞ்சாது, பெயரும் போகும். முன்னுக்கு எடுத்தால் மிளகாய் போகும். வீரகத்தி மிளகாயைப் பார்த்தான். மிளகாய் வாயில்லாச் சீவன். அவன் கை மெல்லக் கியருக்குப் போனது.

"நிப்பாட்டுங்கோ!"

பத்மாசனி அகப்பையோடு குசினியிலிருந்து வந்து மிசினுக்கும் பாத்திக்கும் நடுவில் நின்றாள்.

"சிற்றம்பலம், அந்தக் கோழிக்கூட்டைத் தூக்கும். நீங்கள் எல்லாரும் விறகை அங்காலை போடுங்கோ. உந்தக் கொடிக்கயித்தை ஆராவது அவிழுங்கோ." பிறகு அகப்பைக் காம்பால் மண்ணில் கீறிக்கொண்டு நடந்தாள்: பாத்திக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பி, வீட்டின் பின்புறத்தால், குசினியைச் சுற்றி, மறுபடி படலைக்கு. "ஓடாவியார், அகலம் பன்னிரண்டு. நீளம் இருவது. கலப்பையோடை நிண்டாலும் சுத்திவர ஆள் நடக்க இடமிருக்கும். முன்னுக்கும் வாசல், பின்னுக்கும் வாசல். பட்டறைக்கு, கொட்டிலின்ரை பக்கத்திலை எட்டடியிலை ஒரு சாய்ப்புப் பத்தி இறக்குங்கோ. மூண்டு ஸ்பானரும் கால் நீட்டிப் படுக்கலாம்."

"பன்னிரண்டெண்டால் நடுக்கப்பும் தேவையில்லை," என்றார் அப்புத்துரை, உயிர் வந்தவராக. "ஆனால் என்னத்துக்குப் பிள்ளை ரெண்டு வாசல்?"

பத்மாசனி கண்ணிமைக்காமல் சொன்னாள்: "எங்கடை மிசின் ஒருநாளும் பின்னுக்குப் போகாது. இவர் பிள்ளையாருக்கு நேந்திருக்கிறார்."

இரண்டொருவர் கை கூப்பினார்கள். எல்லாரையும்விட அதிசயப்பட்டவன் வீரகத்திதான்.

ஒன்பதாம் நாள் கூரைக்குக் கிடுகு வேய்ந்து முடிந்தது. பத்தாம் நாள் மழை பிடித்தது. மிசின் நனையாமல் நின்றது. மிளகாய் பூத்தது. காலையில் கொட்டிலின் பின்வாசலால் புறப்பட்டு, வீட்டை வலமாகச் சுற்றி, படலையால் இறங்கி நேரே மேற்கே போக முடிந்ததால், வீரகத்தி கோயில் பக்கம் போவது நின்றுபோனது. ஐயர் வந்து விசாரித்தார்.

"அவர் இப்ப வீட்டைத்தான் சுத்துறார், ஐயா," என்றாள் பத்மாசனி. "பிள்ளையாரும் தாய் தேப்பனைச் சுத்திப்போட்டுத்தானே மாம்பழம் வாங்கினவர்?"

ஐயருக்கு ஒரு மூக்குப்பேணி தேத்தண்ணீர் கிடைத்தது.

மழை விட்ட ஒரு பின்னேரம், எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று வீரகத்தி வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினான். மூன்றாம் சுற்றில் பத்மாசனி குசினி வாசலில் வந்து நின்றாள். அவன் நிறுத்தினான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான், அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை.

"சாமிப்படத்துக்கே கை கூப்பாத மனுசன் விடியக்காத்தாலை கோயிலுக்குப் போறார் எண்டால், வேறை ஆரையோ பாக்கத்தான் எண்டு நினைச்சு, ஒருநாள் பின்னாலை வந்தனான். வந்து பாத்தால், அப்பிடி ஒரு கெட்டித்தனமும் இல்லை. மிசினைத் திருப்பிக்கொண்டு நிக்கிறியள்." அவள் சேலையில் கையைத் துடைத்தாள். "சரி, மூண்டுதரம் சுத்திப்போட்டியள். என்ன வரம் வேணும்?"

வீரகத்தி வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"அது எப்பவோ தந்திட்டன்," என்றாள் பத்மாசனி. "இனி மிசினை உள்ளை விட்டிட்டு வாங்கோ. இன்னொரு சுத்துச் சுத்தித்தான் விடவேணும், என்ன?"